உள்ளே விட்ட துணி

காலை ஆறே காலுக்கு டீச்சர் கண்ணாடிக்குப் போர்வை போர்த்துகிறார். ஸ்டூல் மேல் ஏறி, வாயில் ஒரு கிளிப்பும் கையில் இரண்டு கிளிப்புமாக, பூப்போட்ட படுக்கை விரிப்பின் முனையைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுகிறார். மொத்தம் இரண்டு விரிப்பு, பதினான்கு கிளிப். வாயில் கிளிப் இருக்கும்போது யார் வந்து வணக்கம் சொன்னாலும் புருவத்தால்தான் பதில் வரும்.

பெயிண்ட் கடைக்கு மேல்மாடியில் உள்ள ஹால் இது. மாலையில் நடன வகுப்பு நடக்கிறது. அதற்காக ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். காலையில் டீச்சரின் உடற்பயிற்சி வகுப்புக்கு வரும் பதினோரு பெண்களில் ஒருவருக்கும் அந்தச் சுவரால் பயனில்லை என்பது அவர் கட்சி. "கண்ணாடியப் பாத்தா உடனே வயித்த உள்ள இழுத்துக்கிறீங்க. வயித்த இழுத்துக்கிட்டு எப்படி மூச்சு விடுவீங்க? மூச்சு விடாம எப்படிக் கையத் தூக்குவீங்க?" என்பார். கதவோரம் எடை பார்க்கும் மிஷின் ஒன்று இருக்கிறது. அதன் மேல்தான் கிளிப் கூடையை வைப்பார். நான் வகுப்பில் சேர்ந்த இந்த ஒன்றரை வருடத்தில் அதன் மேல் கூடையைத் தவிர வேறெதுவும் ஏறியதில்லை.

டீச்சர் குண்டு. "கொஞ்சம் பூசினாற்போல" என்று நான் மழுப்பி எழுதினால் அவரே பிடித்துத் திருத்துவார். தெருவில் அவருக்குப் பெயரே குண்டு டீச்சர்தான். வழி கேட்டுப் போன் செய்பவர்களிடம், "பெயிண்ட் கடைகிட்ட வந்து குண்டு டீச்சர் கிளாஸ் எதுன்னு கேளுங்க, யாரா இருந்தாலும் காட்டுவாங்க" என்று சொல்கிறார். வயது ஐம்பத்திரண்டு. தரையில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நிற்பதை இருபது தடவை செய்வார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நான்கு தடவை செய்வேன். நான்காவதில் என்னிடமிருந்து வரும் சத்தத்தை இங்கே எழுத்தில் கொண்டுவர விருப்பமில்லை.

என் முழங்கால் மக்கர் செய்ததால் அங்கே போனேன். பத்திரிகையில் எழுதுபவள் என்று தெரிந்ததும் எனக்கு "எழுத்தம்மா" என்று பெயர் வைத்துவிட்டார். முதல் நாள் நான், "இந்தத் தொடையை வைத்துக்கொண்டு என்ன செய்யமுடியும் டீச்சர், தூண் மாதிரி இருக்கு" என்று அசடு வழிந்தேன். வகுப்பு அப்படியே நின்றது. பத்துப் பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தத் தூண்தானே உன்னை மாடி ஏத்திக் கூட்டிட்டு வந்துச்சு?"

"ஆமாம்."

"அப்போ ஸாரி சொல்லு."

"யாருக்கு?"

"தொடைக்குத்தான். எனக்கா திட்டு விழுந்துச்சு?"

சொன்னேன். ஐம்பது வயதுக்கு மேல், காலங்கார்த்தாலே, பத்துப் பேர் நடுவில் என் தொடையிடம் மன்னிப்புக் கேட்டேன். அது இந்த வகுப்பின் சட்டம். யார் எந்த உறுப்பைப் பழித்தாலும் அதனிடம் வாய்விட்டு ஸாரி சொல்ல வேண்டும். அதற்காக உடம்புக்குச் செல்லம் கொடுக்கிற வகுப்பு என்று நினைத்துவிட வேண்டாம். மாதம் ஒரு முறை எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்ப்பார். சர்க்கரைப் பரிசோதனைத் தாளைக் கொண்டுவராதவர்களைக் விடாமல் துரத்துவார். எத்தனை மணிக்குத் தூங்கினாய், காய் சாப்பிட்டாயா, தண்ணீர் குடித்தாயா என்று போலீஸ் மாதிரிக் கேட்பார். ஒரு தடவை நான், உடம்பு இருக்கிறபடியே நல்லது என்றால் எதற்கு இத்தனை பாடு என்று மடக்கிப் பார்த்தேன். "நாய்க்குட்டி மேல பாசமா இருக்கிறவங்க அதை வாக்கிங் கூட்டிட்டுப் போறதில்லையா எழுத்தம்மா? ஒல்லியாக்கவா கூட்டிட்டுப் போறாங்க?" என்றார். அன்றோடு நான் மடக்குவதை விட்டுவிட்டேன்.

இன்னொரு சட்டமும் உண்டு. அதற்குத்தான் எனக்கு வெகுநாள் காரணம் புரியவில்லை. வகுப்பில் யாரும் கை தட்டக் கூடாது. முதல் தடவையாக ஒருவர் கையை ஊன்றாமல் எழுந்து நின்றபோது நாங்கள் தட்டப் போனோம். டீச்சர் முகம் சட்டென்று மாறிவிட்டது. "வாயால சொல்லுங்க, கை தட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து மணிக்கு மேல் டீச்சர் வேறொரு ஆள். கடைவீதியில் மூன்று மாடி ரெடிமேட் துணிக்கடை. அதன் மூன்றாவது மாடியில், துணி போட்டுப் பார்க்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு தையல் மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு ஸ்டூல். வாங்கிய துணி சரியாக இல்லாதவர்களுக்கு அங்கேயே தொளதொளப்பதைப் பிடித்துக் கொடுப்பதும் இறுக்குவதைப் பிரித்துக் கொடுப்பதும் அவர் வேலை. இருபத்தாறு வருடமாக அந்த ஸ்டூலில் இருக்கிறார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் தயங்கித் தலையை நீட்டினால், என்ன தகராறு என்று கேட்காமலே அவருக்குத் தெரியும். "சட்டை சின்னதா தச்சிருக்காங்கம்மா. கொண்டா, அதுக்குப் புத்தி சொல்லுவோம்" என்பார். உனக்குப் பெரிய அளவு வேண்டும் என்று அவர் வாயிலிருந்து ஒருநாளும் வராது. தப்பு எப்போதும் சட்டை மேல்தான். அழுதுகொண்டே உள்ளே போன பெண் சிரித்துக்கொண்டே வெளியே வருவதை நானே இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன்.

கடை மானேஜருக்கு அவரிடம் ஒரே ஒரு குறை. துணியைப் பிடித்துத் தைத்தால் மிச்சத்தை வெட்டமாட்டார். எவ்வளவு மிஞ்சினாலும் உள்ளேயே மடித்து, இஸ்திரி போட்டு, படிய வைத்துவிடுவார். "உள்ள தடிக்குதுன்னு கஸ்டமர் சொல்றாங்கம்மா. ஒரு கத்திரி போட்டா முடிஞ்சது" என்று மானேஜர் பத்து நாளைக்கு ஒரு தடவை மேலே வந்து சொல்வார். "சரிங்க சார்" என்பார் டீச்சர். அடுத்த துணியையும் வெட்டமாட்டார்.

எங்கள் வகுப்பின் ராணி என்று ஒருவரைச் சொல்வதானால் அது டிரைவரம்மாதான். ஏழாம் நம்பர் பஸ் ஓட்டுகிறார். நாற்பத்தேழு வயது, பஸ்ஸுக்குத் தகுந்த குரல், அவர் சொல்லும் கதைகளில் பாதி டிப்போவைப் பற்றியது, மீதி டாக்டர்களைப் பற்றியது. "காது வலின்னு போனேன் டீச்சர். டாக்டர் காதைப் பாக்கல, என்னைப் பாத்தார். மொதல்ல எடையைக் குறைங்கன்னார். காது எத்தனை கிலோ இருக்கும்னு கேட்டேன்." நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். அந்தக் காது வலிக்குப் பிறகு ஆறு வருடமாக டிரைவரம்மா எந்த டாக்டரிடமும் போகவில்லை. அதைச் சிரிக்க வேண்டிய விஷயமாகத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

போன வருடக் கடைசியில் டிரைவரம்மா இளைக்க ஆரம்பித்தார். முதலில் முகம், பிறகு கழுத்து. டிப்போவில் எல்லோரும் என்ன மாயம் என்று கேட்கிறார்களாம். "பசியே எடுக்கிறதில்ல டீச்சர். அரைத் தட்டு சாப்பிட்டா போதும்னு இருக்கு. எவ்வளவு சௌகரியம் பாருங்க" என்றார். நாங்கள் பெருமூச்சு விட்டோம். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, மறைப்பானேன். ஒருநாள் அவர் பெல்ட்டைத் தூக்கிக் காட்டி, நான்கு ஓட்டை உள்ளே போய்விட்டதாகவும், ஐந்தாவதை ஆணியால் தானே போட்டுக்கொண்டதாகவும் சொன்னார். எங்களுக்குச் சட்டம் மறந்துவிட்டது. பத்துப் பேரும் கை தட்டினோம்.

டீச்சர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். நான் எட்டிப் பார்த்தேன். மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் டிரைவரம்மா பையிலிருந்து சாம்பல் நிற யூனிபார்ம் பேண்ட்டை எடுத்து நீட்டினார். இடுப்பில் நிற்கவில்லை, பிடித்துத் தர வேண்டும் என்றார். டீச்சர் வாங்கவில்லை.

"பிடிச்சுத் தரமாட்டேன்."

"ஏன் டீச்சர்?"

"டாக்டரைப் பாத்துட்டு வா. அப்புறம் தரேன்."

"எனக்கு என்ன, நல்லாத்தானே இருக்கேன்."

"நீ என்ன செஞ்சு இளைச்சே? ஒண்ணும் செய்யல. ஒண்ணும் செய்யாம இவ்வளவு இளைக்கக் கூடாது. முதுகு வேற வலிக்குதுன்னு சொன்னே."

"ஸீட்ல உக்காந்தா எல்லா டிரைவருக்கும் வலிக்கும்." டிரைவரம்மாவின் குரல் தணிந்தது. அவர் குரல் தணிந்து நாங்கள் கேட்டதே இல்லை. "ஒண்ணு கேக்கறேன். நான் குண்டா இருந்தாத்தான் உங்களுக்குப் பிடிக்குமா?"

டிரைவரம்மா பேண்ட்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

எனக்கு டீச்சர் மேல்தான் கோபம் வந்தது. ஊரில் உள்ள அத்தனை பேரும் நம்மைக் குறைந்து போ என்கிறார்கள். குறைந்தால் இவர் முகம் சுளிக்கிறார். ஒரு மனுஷி எங்கேதான் போவாள் என்று நினைத்தேன். ஒரு பழைய சட்டையைப் பிரித்து விடுகிற சாக்கில் துணிக்கடையின் மூன்றாவது மாடிக்குப் போனேன். நினைத்ததை அப்படியே சொன்னேன். டீச்சர் என் சட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

"ஏழு வருஷம் முன்னாடி அதே ஹால்ல நான் எடை குறைக்கிற கிளாஸ்தான் நடத்தினேன் எழுத்தம்மா. கதவுகிட்ட இருக்கே மிஷின், அது அப்போ வாங்கினது. வாரா வாரம் எல்லாரையும் ஏத்தி, போர்டுல எழுதுவேன். யார் அதிகமா குறைச்சாங்களோ அவங்களை நடுவுல நிக்க வச்சு எல்லாரும் கை தட்டணும். என் தங்கச்சியும் வந்தா. என்னை மாதிரியே உடம்பு. பல் டாக்டர் கிளினிக்ல முன்னாடி உக்காந்து பேர் எழுதுற வேலை. வந்த ஒரு மாசத்துல சரசரன்னு குறைய ஆரம்பிச்சா. ஒன்பது வாரம் வரிசையா அவதான் முதல். என் தங்கச்சியாச்சே. நான்தான் முதல்ல கை தட்டுவேன்."

இடையில் ஒரு பெண் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். டீச்சர் எழுந்து போய் அவருக்கு ஊசி குத்தி அளவு எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அவகிட்ட ஒரு பச்சை கவுன் இருந்துச்சு. நான் தச்சது. மூணு தடவை பிடிச்சேன். மூணாந்தடவை உள்ள இவ்வளவு துணி சேந்துபோச்சு. அவ சொன்னா, 'வெட்டிடுக்கா. துணி மிச்சம் இருந்தா மறுபடியும் பெருத்துடுவேன்னு பயமா இருக்கு.' எனக்கும் சந்தோஷம்தான். இந்தக் கத்திரியாலதான் வெட்டினேன்."

வயிற்றில் வலி என்று அதற்கு முன்பே இரண்டு தடவை அந்தத் தங்கை டாக்டரிடம் போயிருக்கிறார். இரண்டு தடவையும் எடையைக் குறைக்கச் சொன்னார்கள். எடை குறைந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று அக்காவும் தங்கையும் காத்திருந்தார்கள். உள்ளே இருந்த கட்டி தெரியவந்தபோது வைத்தியத்துக்கு வேளை கடந்திருந்தது.

"கடைசியில வயித்துல தண்ணி கோத்துக்குச்சு. கை கால் குச்சி மாதிரி, வயிறு மட்டும் இவ்வளவு. அவ பொண்ணு பள்ளிக்கூட விழாவுல பாடினா. அதுக்குப் போகணும், பச்சை கவுனைப் போட்டுக்கிட்டுத்தான் போகணும்னு அடம். பிரிச்சுக் குடுக்கான்னு கேட்டா. எதைப் பிரிக்கிறது? உள்ள துணியே இல்லையே. அதே பச்சை தேடி எட்டுக் கடை ஏறினேன், கிடைக்கல. வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து கடைசி வரிசையில உக்காந்து கேட்டா. பதினேழு நாள் கழிச்சுப் போயிட்டா."

என் சட்டையின் இரண்டு பக்கமும் பிரிந்துவிட்டன. டீச்சர் நூல் துணுக்குகளை விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு விரல் துணி. அதை விட்டிருந்தா அவ கேட்டதைக் குடுத்திருப்பேன். அதுகூடப் போகட்டும். கை தட்டினேனே எழுத்தம்மா. அவ செத்துக்கிட்டு இருந்தா, நான் வாரா வாரம் கை தட்டினேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் அழவில்லை. சட்டையை என் மேல் வைத்துப் பார்த்து, "தோள்ல நல்லா இருக்கு. கையில கொஞ்சம் இறக்கம் விடறேன்" என்றார்.

அதற்கு மறுநாளிலிருந்து அவர் ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஏற ஆரம்பித்தார். ஏழரைக்கு வகுப்பு முடியும். போர்வைகளை மடித்து வைத்துவிட்டு நிறுத்தத்துக்குப் போய் நிற்பார். டிரைவரம்மாவின் பஸ் வந்தால் ஏறி, முன்னால் உள்ள ஒற்றை ஸீட்டில் உட்கார்ந்துகொள்வார். அந்த ஸீட்டுக்கு நேர் மேலே, ஓட்டுநருடன் பேசக் கூடாது என்று எழுதிய பலகை. டீச்சர் பேசமாட்டார். கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி, துணிக்கடைப் பக்கத்தில் இறங்குவார். எட்டு நாள் இப்படிப் போனார். தலைக்கு மேல் உள்ள கண்ணாடியில் டிரைவரம்மாவுக்கு எப்போதும் டீச்சர் முகம்தான் தெரிந்திருக்கும். அந்தக் கண்ணாடிக்குப் போர்வை போட முடியாது.

எட்டாவது நாள் நானும் கூடப் போனேன். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு டிரைவரம்மா எஞ்சினை நிறுத்தினார். திரும்பாமலே கேட்டார்.

"எதுக்கு டீச்சர் தினமும் வர்றீங்க?"

"பஸ்ல உக்காந்தா முதுகு வலிக்கும்னு சொன்னியே, வலிக்குதான்னு பாக்க வந்தேன். எட்டு நாளாச்சு. எனக்கு வலிக்கல."

டிரைவரம்மா ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். கையில் கடிகாரம் மணிக்கட்டுக்கும் முழங்கைக்குமாகச் சரிந்து ஓடியது. நான் அதைக் கவனித்ததே அன்றுதான். கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

"எனக்குத் தெரியாமலா இருக்கும் டீச்சர்? ராத்திரியில திரும்பிப் படுக்க முடியல. ஆனா ஒண்ணு சொல்றேன். பள்ளிக்கூட நாள்லேருந்து என்னைப் பாத்தா யாராவது ஒருத்தர் சிரிப்பாங்க. நான் ஏறினா வண்டி சாயுதும்பாங்க. இந்த நாலு மாசம்தான் யாரும் சிரிக்கல. பொறந்ததுலேருந்து நாலே மாசம். அது நோய்னு அவங்க சொல்லிட்டாங்கன்னா, எனக்குன்னு அதுவும் இல்லாமப் போயிடுமே."

டீச்சர் எழுந்து போய் அவர் ஸீட்டின் பக்கத்தில் நின்றார். தோளில் கை வைக்கவில்லை, தலையைத் தடவவில்லை. "நோயா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் பயமா இருக்கு. நாளைக்கு உனக்கு லீவு. நான் கடையில சொல்லிட்டேன். ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வரேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பின்னால் டிரைவரம்மாவே சொன்னார். இளம் வயது டாக்டரம்மா பழைய தாளையும் புதிய தாளையும் ஒப்பிட்டுப் பார்த்து, "எடை நல்லா குறைஞ்சிருக்கே, இப்படியே மெயின்டெயின் பண்ணுங்க" என்று ஆரம்பித்தாராம். டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அவ குறைக்கல டாக்டர். அதுவா குறையுது. ரெண்டும் வேற. முழுசா பாக்காம நாங்க எந்திரிக்க மாட்டோம்" என்றாராம். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார். நல்ல பெண்தான். முழுசாகப் பார்த்தார்கள். இருந்தது.

அறுவை சிகிச்சை, அதன் பிறகு மருந்து, நாலு மாதம். வகுப்பில் டிரைவரம்மா நிற்கும் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. டீச்சர் தினமும் அங்கே பாயை விரித்தார். தினமும் சுருட்டி வைத்தார்.

போன மாதம் ஒருநாள் டிரைவரம்மா வந்தார். அவர் கணவர் கீழே வரை கொண்டுவந்து விட்டிருக்கிறார். மாடிப்படியில் நான்கு இடத்தில் நின்று ஏறும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. டீச்சர் ஓடிப் போய்க் கைகொடுக்கவில்லை. நாற்காலியைக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டார். டிரைவரம்மா அதில் உட்கார்ந்தார். தலையில் துணி கட்டியிருந்தார். பஸ்ஸுக்குத் தகுந்த குரல் கதவுக்குக்கூடப் போதாமல் இருந்தது. "காது இப்போ நல்லா கேக்குது. எடை குறைஞ்சதாலதான்" என்றார். எங்களால் சிரிக்க முடியவில்லை. டீச்சர் மட்டும் சிரித்தார். உட்கார்ந்தபடியே கையைத் தூக்கி இறக்கும் பயிற்சியை அன்று டிரைவரம்மாவையும் சேர்த்துப் பதினோரு பேரும் நாற்காலியில் உட்கார்ந்து செய்தோம்.

கட்டியை எடுத்தாயிற்று என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் எடுத்தாயிற்று என்று சொல்லவில்லை. இன்னும் மூன்று மாதம் போனால்தான் தெரியுமாம். கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று அங்கே ஒருவர் சொன்னதை டிரைவரம்மா யாரையும் பார்க்காமல் சொன்னார். அந்த நேரத்தில் என் இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மற்றவர்கள் போய், டீச்சரும் நானும் மட்டும் இருந்தபோது டிரைவரம்மா பையைத் திறந்து அதே சாம்பல் நிறப் பேண்ட்டை எடுத்தார்.

"திங்கக்கிழமை டிப்போவுல வரச் சொல்லியிருக்காங்க. வண்டி ஓட்ட இல்ல. பாஸ் குடுக்கிற எடத்துல உக்கார. யூனிபார்ம்ல வரணுமாம். டாக்டரைப் பாத்துட்டேன் டீச்சர். இப்போவாவது பிடிச்சுத் தருவீங்களா?"

டீச்சர் அவரை எழுப்பி நிறுத்தினார். போட்டிருந்த உடைக்கு மேலேயே பேண்ட்டை மாட்டிவிட்டார். இடுப்பில் இரண்டு பக்கமும் நான்கு நான்கு விரல் துணி நின்றது. பிடித்து நிறுத்த ஊசி போதவில்லை. கைக்கு எட்டிய இடத்தில், கண்ணாடிமேல் இருந்த விரிப்பிலிருந்து இரண்டு கிளிப்பைக் கழற்றினார். விரிப்பின் ஒரு முனை சரிந்து விழுந்தது. கண்ணாடியில் டிரைவரம்மா முழுசாகத் தெரிந்தார். டீச்சர் பதறிப்போய் முனையைத் தூக்கப் போனார்.

"இருக்கட்டும் டீச்சர். பாத்துக்கறேன்."

வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் தோள் எலும்பை மெதுவாகத் தடவி, "ஸாரி" என்றார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை.

டீச்சர் பேண்ட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மிஷின் கடையில் இருக்கிறது. கையால்தான் தைக்க வேண்டும். சாம்பல் நூலும் வெள்ளை நூலும் பையில் இருந்தன. வெள்ளையைக் கோத்தார். டிரைவரம்மா நாற்காலியிலிருந்து குனிந்து, "உள்ள ரொம்ப தடிக்குமே. மிச்சத்தை வெட்டிடுங்க டீச்சர். இனிமே அது எனக்கு எதுக்கு?" என்றார்.

டீச்சர் காது கேளாதவர்போல மிச்சத் துணியை உள்ளே மடித்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் படிய வைத்தார். பெரிய பெரிய தையலாக, அரை விரலுக்கு ஒன்றாக ஓட்டினார். ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு அப்பால் ஒரு சாண் நூலை அப்படியே விட்டார். மறுமுனையில் முடிச்சே போடவில்லை. பேண்ட்டை மாட்டிவிட்டு, டிரைவரம்மாவின் கையை எடுத்து இடுப்பின் உட்பக்கம் தொங்கிய அந்த நூல் நுனியைத் தொட வைத்தார்.

"இங்க இருக்கு பாரு. வெள்ளையாத்தான் விட்டிருக்கேன், கண்ணுக்குத் தெரியணும்னு. உடம்பு தேறி இறுக்கமா இருந்தா, இதைப் பிடிச்சு இழு. மொத்தமும் பிரிஞ்சிடும். என்னைத் தேடி வரக்கூட வேண்டாம்."

டிரைவரம்மா நூலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். இழுக்கவில்லை. விரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், பிறகு சுற்றைப் பிரித்து, நுனி வெளியே தெரியாதபடி இடுப்புக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டு, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.